குளத்துப் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகும்போது: கயாக் கேள்வி பதில்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படிக்கிற பிள்ளைகளின் கழகம் ஒன்று பங்குனி விடுமுறையில் மூன்று நாள் கித்துல்கலவுக்குப் போகிறது, களனி கங்கையில் கயாக், அதாவது ஒருவர் இருந்து துடுப்புப் போடுகிற சின்ன வள்ளம், ஓட்டுவதற்கு. போகிற 28 பேரில் முன்னம் கயாக்கில் இருந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் குளத்தில் நீந்தியவர்கள், அல்லது கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். கழகத்தார் கேள்விகளை ஒரு கொப்பியில் திரட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள்.

நான் மாங்குளத்தான். ஹோட்டல் குசினி வேலைக்கென்று கித்துல்கலவுக்குப் போனேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் எப்படியோ ஆற்றில் இறங்கி, ராஃப்டுகளுக்குப் பக்கத்தில் ஏழு வருசம் காவல் கயாக் ஓட்டினேன். இப்போது ஊரில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறேன். கேட்டவர்களின் பெயர்களைக் கழகம் எடுத்துவிட்டது. நல்லது. சில கேள்விகள் பெயர் போட்டுக் கேட்கக்கூடியவை அல்ல.

விசுவமடு, முதலாம் ஆண்டு: அண்ணை, வன்னியில் இல்லாத ஆறா? இதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஆறு இருக்கிறது தம்பி, சரிவு இல்லை. கனகராயன் ஆற்றை இரணைமடு மறித்துக்கொள்கிறது. பேராற்றை முத்தையன்கட்டு, பாலியாற்றை வவுனிக்குளம். குளத்துக்குக் கீழே மாரியில் மட்டும் ஓடும். ஆடியில் அதே ஆற்று மணலில் மாடு படுத்திருக்கும். வெள்ளை நீர், அதாவது பாறையில் நுரைத்துப் பாய்கிற ஓட்டம், வேண்டுமென்றால் மூன்று சேர வேண்டும்: சரிவு, பாறை, நிற்காத தண்ணீர். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளிலிருந்து கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இறங்கி வந்து ஒன்றாகித்தான் களனி கங்கை. கொழும்புக் கடல் மட்டும் 145 கிலோமீற்றர். அதில் கித்துல்கலவை அண்டிய சின்னத் துண்டில்தான் இந்த மூன்றும் அளவாகச் சேர்ந்திருக்கின்றன. நாட்டிலேயே மழை கூடின இடங்களில் அதுவும் ஒன்று.

தர்மபுரம், ஒரு மாணவர்: முதல் நாளே கயாக்கில் வெள்ளை நீருக்குள் இறங்கலாமா?

இறங்கலாம். இறங்கின கையோடு கவிழலாம்.

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் சிற்றலை. 6 என்றால் உயிரைப் பணயம் வைக்கிற இடம். கித்துல்கலவில் ராஃப்ட் போகும் பகுதி பெரும்பாலும் 2, 3. தரம் 3 ராஃப்டில் இருக்கிறவனுக்குக் கும்மாளம், பழகாமல் கயாக்கில் இருக்கிறவனுக்குக் குளிப்பு. ராஃப்ட் அகலமான காற்றுப் பை, ஏழெட்டுப் பேர் ஏறலாம், வழிகாட்டி பின்னால் இருந்து திருப்புவான். ஆற்றுக் கயாக்கோ இரண்டரை மீற்றர் நீளம், 20 கிலோ அளவு பாரம், அடியில் நேராக இழுத்துப் போக ஒன்றுமில்லை. கெதியாகத் திரும்பத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். முதல் தரம் துடுப்புப் போடுகிறவன் முன்னுக்குப் போக மாட்டான், செக்கு மாடு மாதிரி நின்ற இடத்தில் சுற்றுவான். எல்லோரும் சுற்றினோம்.

ஆகவே உங்கள் ஒழுங்கை நான் இப்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் முழுக்க ஆறு அகன்று ஆறுதலாக ஓடுகிற இடத்தில் கயாக். இரண்டாம் நாள் காலை தரம் 1, மதியத்துக்குப் பிறகு கை வந்தவர்கள் மட்டும் தரம் 2. மூன்றாம் நாள் எல்லோரும் ராஃப்டில் தரம் 3. "கயாக் என்று சொல்லிக் காசு சேர்த்துவிட்டு ராஃப்டில் ஏற்றுவதா" என்று இரண்டு பேர் குறைப்பட்டார்களாம். படட்டும்.

முல்லைத்தீவு, இரண்டாம் ஆண்டு: அப்பாவோடு கடலுக்குப் போறனான். வாடைக்காற்றுக் காலத்துக் கரையலையில் வள்ளம் தள்ளி இறக்கினவனுக்கு ஆற்றலை ஒரு பொருட்டா?

உங்கள் கையை மதிக்கிறேன். இந்த 28 பேரில் முதலில் கயாக்கை நேராக ஓட்டப்போவது நீங்கள்தான் என்று என் கணக்கு. ஆனால் ஒன்றை மனதில் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். கடலில் அலை நகரும், தண்ணீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். ஆற்றில் அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர் அதற்குள்ளால் ஓடும். காலையில் பார்த்த அலை மாலையிலும் அதே கல்லுக்குக் கீழே நிற்கும். கடலில் ஒரு அலை கடந்தால் அடுத்தது வரும்வரை மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆறு அந்த இடைவெளியைத் தராது.

இன்னொன்று, சாய்வு. கடலில் அலை வரும் பக்கம் சாய்ந்து பழகியிருப்பீர்கள். ஆற்றில் ஓட்டத்துக்குள் நுழையும்போது ஓட்டம் போகிற பக்கம், கீழ்ப்பக்கமாக, சாய வேண்டும். மேல்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் கயாக்கின் விளிம்பைப் பிடித்து ஒரு கணத்தில் புரட்டிவிடும். ஆனால் பாறையில் கொண்டுபோய் அடித்தால் பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி பாறைப் பக்கம் சாய வேண்டும். மனம் விலகத்தான் சொல்லும். விலகினால் தண்ணீர் கயாக்குக்குள் ஏறி, பாறையோடு வைத்து அமத்திவிடும். உள்ளே 200 லீற்றர் புகுந்தால் 200 கிலோ. அதற்குப் பின்னால் ஆறு வேறு தள்ளுகிறது.

ஒட்டுசுட்டான், மூன்றாம் ஆண்டு: முத்தையன்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு நீந்துவேன். எனக்கும் நீச்சல் வகுப்புக் கட்டாயமா?

கட்டாயம். உங்களுக்குத்தான் முதலில்.

குளத்து நீச்சல்காரன் ஆற்றில் விழுந்தால் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? கால் நிலத்தில் முட்டினதும் எழும்பி நிற்கப் பார்ப்பான். குளத்தில் அது சரி. ஓடுகிற ஆற்றில் ஆளைக் கொல்வதே அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். இடுப்பளவு தண்ணீர், கரை நாலு பாகம் தூரம்கூட இல்லை. கயாக் கவிழ்ந்து வெளியே வந்தேன், கால் முட்டியது, நின்றேன். இடது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் போய் இறுகியது. அதோடு முதுகில் தண்ணீர் தள்ளத் தொடங்கியது. முழங்கால் மடிந்தது. பிறகு இடுப்பு. முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. நிமிர முடியவில்லை. இடுப்பளவு தண்ணீர்தான், நிமிர முடியவில்லை. கரையில் நின்ற மூத்தவர் ஒருவர் மேலிருந்து குதித்து என் சட்டைத் தோளைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக இழுத்தார். கால் சப்பாத்தை விட்டுவிட்டு வந்தது. அந்தச் சப்பாத்து இன்னமும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு என்னைத் தனியே அனுப்பிய முதலாளி, "சப்பாத்துக் காசு சம்பளத்தில் வெட்டுவேன்" என்றார். வெட்டியும்விட்டார்.

பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகச் சொல்லலாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உங்கள் காலில் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. கண்ணுக்கு "கொஞ்சம் கெதியா ஓடுது" என்று மட்டும்தான் தெரியும்.

விழுந்தால் மல்லாக்கப் படுங்கள். கால் இரண்டும் கீழ்ப்பக்கம் பார்க்க, பெருவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். கல் வந்தால் காலால் உதையலாம். கையைப் பின்னால் போட்டுக் கரைப்பக்கம் சரிவாக நீந்துங்கள். பின்பக்கம் தரையில் உரசுகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்த பிறகு எழும்பலாம், அதற்கு முன் இல்லை. ஒரே ஒரு விலக்கு: முன்னால் விழுந்த மரமோ மூங்கிலோ ஓட்டத்துக்குள் கிடந்தால் மல்லாக்கப் போகக் கூடாது. கால் கொப்புக்கு அடியில் போய்விடும், தண்ணீர் கொப்புக்குள்ளால் போகும், ஆள் போகமாட்டான், வடியில் தேயிலைச் சக்கை மாதிரி. குப்புறத் திரும்பி, முழு மூச்சாக விலகி நீந்துங்கள். விலக முடியாவிட்டால் தலை முன்னால் போய் மரத்துக்கு மேலே பாய்ந்து ஏறுங்கள்.

வவுனியா, ஒரு மாணவி: கயாக் கவிழ்ந்தால் கால் உள்ளே மாட்டிக்கொள்ளாதா? அதை நினைத்தாலே நித்திரை வரவில்லை.

இந்தப் பயம் இல்லாத ஆளை நான் கண்டதில்லை. இடுப்பில் ஒரு பாவாடை மாதிரி மாட்டுவார்கள், ஸ்ப்ரே டெக் என்பது. அதன் விளிம்பை இருக்கை வாயைச் சுற்றி இழுத்துப் பூட்டினால் தண்ணீர் உள்ளே வராது. முன்னால் ஒரு பட்டி வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டும்போது அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், பக்கத்திலிருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது உள்ளே மடிந்துவிட்டால்தான் உண்மையான ஆபத்து.

இனி கவிழ்வோம். முதல் நாள் இடுப்பளவு நின்ற தண்ணீரில், நான் பக்கத்தில் நிற்க, நீங்களே வேண்டுமென்று கவிழ்வீர்கள். மூக்குக்குள் தண்ணீர் ஏறும், காது அடைக்கும், கண்ணுக்கு எல்லாம் பச்சையாய்த் தெரியும். அவசரப்பட வேண்டாம். உடம்பை முன்னுக்கு மடித்துக் கயாக்கின் மூக்குப்பக்கம் முகத்தைக் கொண்டுபோங்கள். தலை கல்லில் படாமலிருக்கவும் அதுதான் நல்லது. இரண்டு கையையும் கயாக்கின் இரு பக்கத்தாலும் வெளியே நீட்டி அடிப்பலகையை மூன்று தரம் தட்டுங்கள். டொக், டொக், டொக். தட்டச் சொல்வது எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக அல்ல. மூன்று எண்ணுகிற மனம் பதறாது. பிறகு விளிம்போடு கையை முன்னால் கொண்டுபோய், வளையத்தைப் பிடித்து, முன்னுக்குத் தள்ளி இழுங்கள். டெக் கழரும். இடுப்பின் இரு பக்கமும் கையை ஊன்றிக் காற்சட்டை கழற்றுகிற மாதிரி கயாக்கைத் தள்ளிவிடுங்கள். கால் தானாக வரும். எல்லாம் ஐந்தாறு செக்கன்.

ஐந்து தரம் செய்தால் ஆறாம் தரம் சிரித்துக்கொண்டு வருவீர்கள். செய்யாதவர் டெக் பூட்டக் கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே இடுப்பால் நிமிர்த்துகிற ரோல் வித்தையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாளில் வராது. எனக்கு நாலு மாதம் எடுத்தது.

புதுக்குடியிருப்பு, பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர்: 2009-இல் எனக்கு ஆறு வயது. நந்திக்கடல் நீரேரிக்குள்ளால் அப்பாவின் தோளில் இருந்து வந்தனான். இப்பவும் தண்ணீர் கழுத்துக்கு வந்தால் மூச்சு முட்டும். சிநேகிதிகள் எல்லோரும் போகினம். நான் என்ன செய்ய?

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. உங்களைப் போல இன்னும் பேர் இந்தப் பட்டியலில் இருப்பார்கள், எழுதாமல்.

வாருங்கள். தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. "இறங்கினால் பயம் தெளியும்" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்னிடம் சொல்லுங்கள். அப்படித் தெளிந்த ஆளை நான் பார்க்கவில்லை, கூடினவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையில் எனக்கு உண்மையாகவே ஆள் தேவை. ஒவ்வொரு வெள்ளை நீருக்கும் கீழே, பாறையில் காலை ஊன்றி, விழுந்தவருக்கு எறிகிற கயிற்றுப் பையோடு இரண்டு பேர் நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை அது. விழுந்தவனைப் பிடித்து எடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்து எறிந்து பாருங்கள், உங்கள் கை எப்படி என்று பார்ப்போம்.

பிறகு மனம் கேட்டால், முழங்காலளவு தண்ணீரில் டெக் பூட்டாத கயாக்கில் ஏறி இருந்து பார்க்கலாம். கேட்காவிட்டால் விடுங்கள். மனநல வைத்தியர் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருப்பார். அவரிடம் போவதற்கு இந்தப் பயணத்தைக் காரணமாக வைத்துக்கொள்ள வேண்டியதுமில்லை, தள்ளிப்போட வேண்டியதுமில்லை.

கனகபுரம், ஒரு மாணவரின் அம்மா: மகனுக்குத் தண்ணியில் கண்டம் இருக்கென்று சாத்திரி சொன்னவர். அனுப்பலாமோ தம்பி?

அம்மா, சாத்திரத்தில் எனக்கு அறிவில்லை. ஆனால் கண்டம் உள்ள பிள்ளைக்கு நீச்சலும், அளவான லைஃப் ஜாக்கெட்டும், சொல்வழி கேட்கிற குணமும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூட வேண்டும் என்பது என் எண்ணம். மகன் மாரியில் கூட்டாளிமாரோடு குளம் நிரம்பி வான் பாயுற இடத்தில் குளிக்கப் போறவரா என்று விசாரியுங்கள். போறவர் என்றால் எனக்குக் கித்துல்கலவைவிட அதுதான் பயம். போகுமுன் நேர்த்தி வைக்கிறதென்றால் வையுங்கள், குறுக்கே நிற்க மாட்டேன்.

கிளிநொச்சி, கழகச் செயலாளர்: அதையே கேட்க நினைத்தோம். இரணைமடு வான்கதவு திறக்கும்போது வெள்ளை நுரையாகப் பாய்கிறதே, அங்கே பழகினால் என்ன?

கேட்டதற்கே ஏச வேண்டும். இருந்தாலும் விளக்கமாகச் சொல்கிறேன்.

தண்ணீர் கட்டின் மேலாக ஒரே மட்டத்தில் விழுகிற எந்த இடமும், சின்ன அணைக்கட்டானாலும், பார்க்க அழகு. விழுந்த தண்ணீர் அடிக்குப் போய் ஓடும், ஆனால் மேற்பரப்புத் தண்ணீர் திரும்பிக் கட்டுப்பக்கமே ஓடி வரும். அதில் மிதக்கிறவன் கட்டுக்கு இழுபட்டு, கீழே அமுங்கி, வெளியே வந்து, மறுபடி இழுபடுவான். காய்ந்த தேங்காய் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், மத்தியானம் வரைக்கும் அதே இடத்தில் உருளும். இயற்கைப் பாறையில் எங்காவது ஒரு விலா உடைந்திருக்கும், தண்ணீர் அதால் வெளியே தள்ளும். மனிதன் கட்டிய சமமான கட்டில் அந்த வாசல் இருக்காது. நுரையில் பெரும் பங்கு காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் வழமை போலத் தூக்காது.

பழக வேண்டுமென்றால் கோடையில், நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் அனுமதி வாங்கி, அலைகரையில் நிற்கிற தண்ணீரில். குளத்து நீரை வாய்க்காலுக்கு விடுகிற துருசுக்குக் கிட்டப் போகக் கூடாது, திறந்திருந்தால் அடியால் இழுக்கும். முதலை உள்ள மூலையை அங்கே வலை போடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

பரந்தன், ஒரு மாணவர்: ஆற்றைப் "படிக்க" வேண்டும் என்கிறார்கள். எங்கே படிப்பது?

உங்கள் வயல் வாய்க்காலில். நீர் திறந்துவிடும் நாளில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் குந்தியிருங்கள். தேங்காய்ப் பொச்சைப் போட்டு, அது போகிற வழியைப் பாருங்கள். மதகுத் தூணுக்குப் பின்னால் போனதும் நின்று, மெல்லத் திரும்பி, மேல்நோக்கி நகரும். அந்த இடம்தான் கயாக்காரனின் திண்ணை. ஆங்கிலச் சொல்லையே எல்லோரும் சொல்வோம், எடி. ஆற்றில் ஒவ்வொரு பெரிய கல்லுக்குப் பின்னாலும் ஒரு எடி இருக்கும். ஒரு எடியிலிருந்து அடுத்த எடிக்கு, அங்கே இளைப்பாறி அடுத்ததற்கு, இப்படித்தான் வெள்ளை நீரை இறங்குவது. ஒரே ஓட்டமாக இறங்குகிறவன் அதிர்ஷ்டத்தில் இறங்குகிறான்.

அடுத்து கவட்டை அடையாளம். மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் கவட்டைத்தடி மாதிரி விரிந்து தெரியும். கூர் கீழ்நோக்கி இருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் வழி, நாக்கு மாதிரி வழவழவென்று போகும், அதில் போகலாம். கூர் உங்களை நோக்கி, மேல்பக்கமாக இருந்தால் அந்தக் கூரில் கல் ஒளிந்திருக்கிறது. வாய்க்காலில் ஒரு செங்கல்லை வைத்தாலே இரண்டையும் காணலாம்.

வவுனியா, ஒரு மாணவர்: மழை இல்லாவிட்டால் ஆறு குறைவாகத்தானே இருக்கும்?

மழையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், கெனியன், லக்சபான என்று நீர்த்தேக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் மின்சாரத்துக்கு. மேலே மின்நிலையம் ஓடினால் ஆற்றுக்குத் தண்ணீர் வரும், நின்றால் கல் தெரியும். 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது ராஃப்ட் ஓட்டிப் பிழைத்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு என்ன நடக்குமோ என்று கலங்கினதும் அதனால்தான். வெயில் எறிக்கும்போதே ஆறு ஏறலாம். கரையில் கல்லில் ஏறிப் படம் எடுக்கிறவர்கள் கவனம். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன்: இறங்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன். குடித்து முடிய குச்சி நனைந்திருந்தால் பொறுத்திருப்பேன். தண்ணீர் கலங்கி இலைகுழை அடித்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு இறங்குவதே இல்லை. பெரு மழை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள், நீங்கள் தங்குவது மலை அடிவாரம்.

பொருளாளர்: லைஃப் ஜாக்கெட், கயிறு எல்லாம் நாங்களே மலிவாக வாங்கலாமா?

ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அங்கேயே தருவார்கள், வாங்க வேண்டாம். ஆனால் தந்ததை அப்படியே போடாதீர்கள். பட்டிகளை இறுக்கி, ஒருவர் பின்னால் நின்று தோளில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மூக்குவரை ஏறினால் அது உங்களுடையது இல்லை, வேறு கேளுங்கள். தருகிறவர் வாய் கோணினாலும் கேளுங்கள், கிழிந்ததையும் பட்டி இல்லாததையும் தந்து சமாளிக்கிற இடம் உண்டு.

கயிற்றுப் பையை மட்டும் பயிற்சிக்கு நாமே செய்வோம். மீன்பிடிச் சாமான் கடையில் மிதக்கிற கயிறு என்று கேளுங்கள், 20 மீற்றர், 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பு. நைலோன் வேண்டாம், தாழும். உரப்பையை வெட்டிச் சின்னப் பையாகத் தைத்து, அடியில் மிதக்க ஒரு துண்டு றெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வைத்து, கயிற்றை மடிக்காமல், சுற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துவிடுங்கள். எறியும்போது "கயிறு!" என்று கத்தி, விழுந்தவனின் தலைக்குக் கொஞ்சம் அப்பால் எறிய வேண்டும். பிடித்தவன் கயிற்றைத் தோளுக்கு மேலால் எடுத்து நெஞ்சில் பிடித்து மல்லாக்கப் படுக்க வேண்டும். இரண்டு பேருமே கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. மாட்டுக்கயிறு சுற்றிப் பழகின கை தானாகவே சுற்றும், ஆகவே இதையும் பழக வேண்டும்.

இரண்டு மாணவிகள் சேர்ந்து: என்ன உடுப்புப் போடுவது? அந்த நாட்களில் என்றால்?

டெனிம் வேண்டாம், பருத்தியும் வேண்டாம், நனைந்தால் பாரம், காயாது, நடுங்க வைக்கும். விளையாட்டுக்குப் போடுகிற நீளக் காற்சட்டையும் இறுக்கமான ரீசேர்ட்டும் போதும். சோல், நீளச் சங்கிலி, காப்பு எல்லாம் பஸ்ஸிலேயே கழற்றுங்கள். தலைமயிரைத் தாழப் பின்னி ஹெல்மெட்டுக்குள் விடுங்கள். காலுக்குப் பழைய கன்வஸ் சப்பாத்து. பாட்டாச் செருப்போடு வருகிறவரைக் கரையிலேயே நிறுத்துவேன்.

மற்றதை என் மனைவியிடம் கேட்டேன், அவள் சொன்னபடி எழுதுகிறேன். பாட் தண்ணீரில் ஊறி ஒன்றுக்கும் உதவாது. கப் அல்லது டம்பொன் பழகியவர்கள் தாராளமாக இறங்கலாம், பழகாதவர்கள் அன்றைக்குத்தான் முதல் தரம் முயல வேண்டும் என்றில்லை. அன்று கரைக் காவல். காரணம் கேட்கக் கூடாது என்று பெடியன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மல்லாவி, ஒரு மாணவர்: வழிகாட்டிமார் சிங்களம்தான் பேசுவினம். எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

ராஃப்டில் கட்டளை பெரும்பாலும் ஆங்கிலத்தில்: ஃபோர்வேட், பெக், ஸ்டொப். பதற்றம் வந்தால் வாயில் தாய்மொழிதான் வரும், அதனால் இவற்றைப் பாடமாக்குங்கள்: இஸ்ஸரஹட என்றால் முன்னே, பஸ்ஸட என்றால் பின்னே, நவத்தன்ன என்றால் நிறுத்து. நான் போனபோது எனக்கு அந்த மூன்றும்கூடத் தெரியாது. குசினியில் ஒரு மாதம் "பிங்கான்" என்ற ஒரு சொல்லோடு சமாளித்தேன். ஆற்று இரைச்சலில் எந்த மொழியும் கேட்காது, கைதான் பேசும். துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வா. தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் நில். தலையில் தட்டிக் காட்டினால் நான் சுகம், நீயும் தட்டு. விசில் மூன்று தரம் என்றால் ஆபத்து.

மிச்சம் மீதி, ஒன்றாகச் சேர்த்து.

கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் பட்டி கட்டுங்கள். ஆஸ்துமா என்றால் பம்பை வழிகாட்டியின் தண்ணீர் புகாத பையில் கொடுத்து, முகத்தைக் காட்டி, "நான்தான்" என்று சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர்கள் கயாக் ஏற வேண்டாம். முதல் நாள் இரவு குடித்தவனைக் காலையில் மணத்தாலேயே பிடிப்பேன்.

அட்டை கடிக்கும். இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை வழித்து எடுங்கள், சவர்க்காரமோ உப்போ தடவினால் ஏறாது. எலிக்காய்ச்சலை இதைவிடப் பெரிதாக எடுங்கள். நம் வயல்காரருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால் கையில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று போகுமுன் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் "ஆற்றில் இறங்கினேன்" என்ற சொல்லை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

பஸ் ஏ9 வழியாகத் தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அப்புறம் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன, அங்கிருந்து இறக்கம். கண்டிக்குப் பிறகு வளைவுதான். நேர் வீதியில் வளர்ந்த பிள்ளைகள், சத்தி எடுப்பார்கள். ஆளுக்கொரு தேசிக்காயும் சொப்பிங் பையும்.

உருத்திரபுரம், ஒரு மாணவர்: ஸ்பீக்கர் கொண்டு வரலாமா?

பஸ்ஸுக்குள் சரி. ஆற்றங்கரைக்கு வேண்டாம், எனக்கு விசில் கேட்க வேண்டும்.